சோளம் உரிக்கும் மெட்டு

அன்றைக்கு அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. இல்லத்து முதியவர்கள் பதினொரு பேர், பெண்கள் ஏழு, ஆண்கள் நாலு. இது யோசுவாவைச் சேர்க்காமல். வார்டன் ஹெலன் அம்மாள். சமையல்கார சூசை. ஆயா பாக்கியம். போதகரும் அவர் சம்சாரமும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், அவர்கள் நாலு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மைக் செட் கட்ட வந்த அந்தோணி. அப்புறம் பிடில் வாசிக்க யோசுவா, பாஞ்சோ வாசிக்க நான். கூட்டிப் பாருங்கள், இருபத்துமூன்று வரும். ஹெலன் அம்மாள் நாற்பது பேர் இருந்தார்கள் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாற்பது நாற்காலியே அங்கே கிடையாது.

நீங்கள் கேட்டது என் மடியில் இருப்பது என்ன என்று. நான் எங்கேயோ போய்விட்டேன். ஏறினவுடனே கண்டக்டர் கேட்டதைக் கேட்டீர்களா? "என்ன பெருசு, இட்லிக் குண்டானா? மேல வையி." மேலே வைக்க மாட்டேன் என்றேன். இது பாஞ்சோ. கஞ்சிராவைப் பெரிதாக்கி அதற்கு ஒரு கழுத்தும் அஞ்சு தந்தியும் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் செய்துகொண்ட வாத்தியம், அப்புறம் மலைநாட்டு வெள்ளைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

சாதாரணமாக நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிறவன் இல்லை. திண்டுக்கல்லில் நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். அதோடு இன்றைக்கு எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பதினொரு மணிக்குள் நான் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இப்போது மணி என்ன? ஒன்பதேகாலா? போய்விடலாம். போய்விடலாம் இல்லையா?

பதினொரு மணிக்கு யோசுவாவின் காலை எடுக்கிறார்கள். இடது காலை. வலது கால் முன்னமே போய்விட்டது.

இதில் என் தப்பு எதுவும் இல்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நானும் அவனும் மிஷன் ஹாஸ்டலில் ஒரே பாயில் படுத்தவர்கள். அப்போது கிணறு தோண்டும் எந்திரத்தோடு அமெரிக்காவிலிருந்து கிர்பி ஐயா என்று ஒருவர் வந்திருந்தார். போதகர் இல்லை. எப்போதும் சட்டையில் கிரீஸ் கறை. அவர் ஊரும் மலை ஊர்தானாம். சாயங்காலம் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு பிடிலையும் இந்தப் பாஞ்சோவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிடில் யோசுவாவின் கைக்குப் போயிற்று, பாஞ்சோ என் கைக்கு வந்தது. ஐயா ஊருக்குப் போனபோது இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

அந்த மெட்டுகளில் ஒன்றுதான் சோளம் உரிக்கும் மெட்டு. பேர் நாங்கள் வைத்தது. அவர்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் ஒரு வீட்டில் கூடி, மக்காச்சோளக் கதிரை மலையாகக் குவித்துப் போட்டு உரிப்பார்களாம். குவியல் தீருகிறவரை பிடிலும் பாஞ்சோவும் ஓடவேண்டும். மெட்டு சின்னது. ஒரு டம்ளர் டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதே மெட்டு, அதே வேகம். நம் கச்சேரி மாதிரி இவன் கொஞ்சம், அவன் கொஞ்சம் என்று தனித்தனியாகத் திறமை காட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. எல்லாரும் ஒன்றாகவே போகவேண்டும், செக்குமாடு மாதிரி.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிடில்காரன் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் ஒரு காலைத் தூக்குவான். தூக்கினால், இந்தச் சுற்றோடு சரி என்று அர்த்தம். சுற்று முடிந்ததும் எல்லாரும் வெட்டினாற்போல நிறுத்துவார்கள். பிடில்காரன் கால் தூக்காமல் பாஞ்சோக்காரன் நிறுத்தவே கூடாது. வண்டிக்காரன் சொல்லாமல் மாடு நிற்கலாமா? அது மாதிரி.

யோசுவா இடது குதிகாலால் தரையைத் தட்டித் தாளம் போடுவான். வலது காலைத் தூக்குவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கொக்கு மாதிரி தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

அப்புறம் நான் மெட்ராஸுக்குப் போனேன். சினிமாவில் வாசித்தேன். படத்தில் குதிரை ஓடினால் என்னைக் கூப்பிடுவார்கள். காமெடி நடிகர் வழுக்கி விழுந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நிறையக் குதிரை ஓடிய காலம் அது. நீங்கள் கேட்டிருப்பீர்கள், நான் என்று தெரியாது.

இந்த அஞ்சாவது தந்தியைப் பாருங்கள். மற்ற நாலும் கழுத்தின் முனையிலிருந்து வருகின்றன. இது மட்டும் பாதிக் கழுத்திலிருந்து புறப்படுகிறது, குட்டை. இதற்குக் கட்டைவிரல் மட்டும்தான். மெட்டு எங்கே போனாலும் இது ஒரே சுரத்தில் ணங், ணங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சினிமாவில் நிமிஷத்துக்கு ஒரு சுருதி மாற்றுவார்கள். இது தொந்தரவு. கழற்றிவிட்டேன். அதை முறுக்குகிற பிரடையையும் பிடுங்கி, ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். நாலு தந்தி போதும் என்றார்கள், எனக்கும் போதும் என்று பட்டது.

ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது இதை எடுத்துக்கொண்டு யோசுவா வீட்டுக்குப் போனேன். பிடிலைத் தோளில் வைத்தவன் இதைப் பார்த்தான். "அஞ்சாவது ஆள் எங்கடா?" என்றான். சொன்னேன். பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். அதோடு சரி. ஒரு தந்திக்காக நாற்பத்தொரு வருஷம்! எந்த ஊர் நியாயம் இது?

அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன், அது உண்மை. ஆனால் அங்கே பிடில்காரர்கள் நோட்டு பார்த்து வாசிக்கவேண்டும். அவனுக்கு நோட்டு தெரியாது. எனக்கும் போனபோது தெரியாதுதான். அது வேறு.

என்ன, பஸ் நிற்கிறது? செம்பட்டியா? டீக்கு இறங்குகிறாரே டிரைவர். எவ்வளவு நேரம் நிற்கும்? பத்து நிமிஷமா? தம்பி, நீங்கள் போய்க் கொஞ்சம் சொல்லுங்களேன், ஆஸ்பத்திரி கேஸ் இருக்கிறது என்று. வேண்டாம். வேண்டாம், நீங்கள் எழுந்தால் இடத்தில் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். இருங்கள்.

கம்ப்யூட்டரில் எல்லாச் சத்தமும் வர ஆரம்பித்தபிறகு குதிரைக்கு நான் தேவைப்படவில்லை. என் சம்சாரம் ரோஸலின் இருந்தவரைக்கும் பேச்சுத்துணை இருந்தது. அவள் போனபிறகு வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும். ஒருநாள் பரணிலிருந்து இதை இறக்கினேன். சினிமாவில் வாசித்தது எதையாவது வாசிக்கலாம் என்று பார்த்தால் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. எல்லாம் துண்டு துண்டு. குதிரை ஓடுகிறது, நிற்கிறது. நடிகர் விழுகிறார், எழுகிறார். முழுசாக ஞாபகம் இருந்தது சோளம் உரிக்கும் மெட்டு ஒன்றுதான். அதை வாசிக்க அஞ்சாவது தந்தி வேண்டும்.

எம்-சீலைச் சுரண்டி எடுத்தேன். பிரடைக்கு சாலிகிராமத்தில் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவரிடம் போனேன். தந்தி கட்டியாயிற்று. கட்டைவிரல் வரவில்லை. நாற்பது வருஷம் சும்மா இருந்த விரல், வேலைக்குக் கூப்பிட்டால் வருமா? மழைக்காலம் முழுக்க அதோடு போராடினேன். மேல்வீட்டுப் பெண் வந்து, "தாத்தா, அந்த ஒரே பாட்டை விட்டா வேற தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒருவழியாக வந்தது. வந்தபிறகுதான் தெரிந்தது, பிடில் இல்லாமல் இதைத் தனியாக வாசிப்பது நாகஸ்வரம் இல்லாமல் தவில் மட்டும் ஊர்வலம் போகிற மாதிரி. எனக்கு யோசுவா வேண்டும். வேறு யாரும் இல்லை. இந்த மெட்டு தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான், என்னைத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரித்தேன். வத்தலக்குண்டில் பஞ்சர் கடை வைத்திருந்தான், இப்போது கொடைக்கானலில் மிஷன் முதியோர் இல்லத்தில் இருக்கிறான் என்றார்கள். டிசம்பர் முதல் வாரம் போனேன்.

சக்கர நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் போர்வை. என்னைப் பார்த்ததும், "வாடா குதிரைக்காரா," என்றான். "குதிரையெல்லாம் சவுக்கியமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தான். போர்வையின் வலது பக்கம் முட்டிக்குக் கீழே தொய்ந்து கிடந்தது.

"இது எப்போ?" என்றேன்.

"ரெண்டு வருசமாச்சு. ஊர்ல உள்ள டயர்ல எல்லாம் ஆணி புடுங்குனவன், என் கால்ல ஏறுனதைப் பாக்கல. சக்கரைடா. ஏறுனதே தெரியல. இந்தா, இந்த இடது காலும் அப்படித்தான். நெருப்பு வச்சாலும் தெரியாது."

பெட்டியைத் திறந்தேன். அவன் கையை நீட்டி, பாதிக் கழுத்தில் இருக்கிற பிரடையைக் கட்டைவிரலால் தடவினான்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான்."

அந்தத் தந்தியை ஒருதடவை மீட்டிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "ஒரு நாள் வாசிப்போம். நல்லா வந்தா மறுநாளும் வா. வரலைன்னா பேசாம வண்டி ஏறிடு. சும்மா சும்மா வந்து என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது."

தம்பி, எனக்கு அது போதும். மறுநாளும் வா. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதுவும் செய்வேன். திரும்பிப் போனால் எனக்கு அந்தப் பிரிட்ஜ்தான்.

"ஒத்திகை பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஒத்திகையெல்லாம் சினிமாக்காரனுக்கு."

"கடைசிச் சுத்துக்கு எப்படிடா? வலது கால்..."

"இடது இருக்குல்ல? அதைத் தூக்குறேன். நீ என் மூஞ்சியைப் பாக்காம காலைப் பாரு."

இதைக் கவனியுங்கள். இடது என்று அவன் சொன்னான். அவன் வாயால் சொன்னான். காலைப் பார் என்றும் அவன்தான் சொன்னான். பேச்சு பேச்சுதானே?

அப்படிக் குறித்த நாளில், அந்த மதுரைக் குடும்பத்தின் பிறந்தநாள் சாப்பாடு முடிந்து, மூணரை மணிக்கு எங்களை உட்கார வைத்தார்கள். பாக்கியம் ஒரு கான்வாஸ் ஷூவோடு வந்து அவன் காலில் மாட்டப்போனாள். "வெறுங்கால்ல தரையில வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் தாத்தா." வெறும் குதிகால் சிமெண்டுத் தரையில் விழுந்தால்தான் தாளம் கேட்கும், ஷூ போட்டால் சாக்கை அடிக்கிற மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான். உண்மைதானே அது? ஷூ போட்டுக்கொண்டு யாராவது தாளம் போடுவார்களா?

ஆரம்பித்தான்.

முதல் சுற்றில் என் கட்டைவிரல் பிந்தியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் நான் வாசிக்கிறேன் என்கிற நினைப்பே போய்விட்டது. அவன் குதிகால் தட்டுகிறது, வில் போகிறது, அஞ்சாவது தந்தி ணங் ணங் என்கிறது. மதுரைக் குழந்தைகள் இரண்டும் எழுந்து குதித்தன. கண் சரியாகத் தெரியாத குருசம்மா பாட்டி கை தட்டினாள். போதகர்கூடத் தலையை ஆட்டினார். சரி, நல்லா வந்துவிட்டது, மறுநாள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவன் காலைப் பார்த்தேன்.

தட்டிக்கொண்டிருந்தது.

சரி, இன்னும் ஒரு சுற்று ஆசைப்படுகிறான். வாசித்தேன். பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு சுற்று. அப்புறம் ஒரு சுற்று. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் பஜனைக் கூட்டம் இருக்கிறது என்று ஹெலன் அம்மாளிடம் சைகை காட்டிவிட்டு அவரும் சம்சாரமும் போனார்கள். குதித்த பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டன. சின்னது கேட்டது, "அம்மா, இந்தப் பாட்டு எப்பம்மா முடியும்?" அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது: "தாத்தாங்களுக்கு முடிவு மறந்துபோச்சு போல. சும்மா இரு." கொஞ்ச நேரத்தில் அந்த நாலு பேரும் குனிந்துகொண்டே வெளியே போனார்கள், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி.

"ஐயா, அடுத்த பாட்டு!" என்று அந்தோணி கத்தினான். அப்புறம் வயரைச் சுருட்டிக்கொண்டு அவனும் போய்விட்டான். பால் பொங்கிவிடும் என்று சூசை போனான். டீ வந்துவிட்டது என்றதும் முதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கைத்தடிச் சத்தம் தாளத்தில் சேராமல் போய்க்கொண்டிருந்தது. நான் எண்ணிக்கொண்டே வாசித்தேன். வேறு என்ன செய்ய?

எனக்குள் ஒரே வார்த்தைதான். தூக்குடா. தூக்குடா யோசுவா. கட்டைவிரல் மரத்துவிட்டது. நகம் கிழிந்து ரத்தம் பாஞ்சோவின் தோலில் சொட்டுச் சொட்டாகப் பட்டிருந்தது. இதோ, கறை இன்னும் இருக்கிறது, பாருங்கள். எனக்குப் புரிந்துவிட்டது. இவன் பழி வாங்குகிறான். நாற்பத்தொரு வருஷத்தையும் ஒரே மெட்டில் என்னிடம் வசூல் பண்ணுகிறான். இருபத்துமூன்று பேருக்கு முன்னால் என்னைக் கெஞ்ச வைக்கப் பார்க்கிறான். நானாக நிறுத்தினால், "பாத்தியா, சினிமாக்காரன்" என்பான். வண்டி ஏறு என்பான். நான் நிறுத்துவேனா? விடிய விடிய வாசிப்பேன் என்று வாசித்தேன்.

ஹெலன் அம்மாளும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

நடுவில் அவன் மடியில் போர்வை ஆடியது. பார்த்தேன். வலது பக்கம், சும்மா துள்ளித் துள்ளி. காற்று என்று நினைத்தேன். டிசம்பரில் கொடைக்கானலில் ஜன்னலை யார் திறந்து வைப்பார்கள் என்று பாக்கியம் கேட்கிறாள். அவள் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். என்னைக் காலைப் பார் என்று சொல்லியிருந்தது, போர்வையைப் பார் என்று இல்லை.

கடைசியில் அவள்தான் வந்தாள். உள்ளங்கையை இந்தத் தோலின்மேல் வைத்து அழுத்திவிட்டாள். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தின மாதிரி சத்தம் நின்றது. "போதும் ஐயா. உங்களுக்குக் கண்ணு இல்லையா? அவருக்கு எப்படி வேர்த்துக் கொட்டுது பாருங்க."

யோசுவா வில்லை இறக்கினான். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து அவன் கேட்டான், தம்பி, அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்: "ஏண்டா பாவி, நான் தூக்கித் தூக்கிக் காட்டுறேன், நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்கியே! நாலாவது சுத்துலயே தூக்கிட்டேன். நீ நிறுத்தாம நான் எப்படிடா நிறுத்துறது?"

"எந்தக் காலைத் தூக்கினே?" என்றேன்.

அவன் கீழே பார்த்தான்.

பாக்கியம் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "தூக்குனேன்டா," என்றான். இப்போது சத்தம் இல்லை. "பாதத்துல காத்துப் பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு."

நான் என்ன சொல்லவேண்டும்? ஒப்பந்தம் இடது கால். இடது கால் ஒருதடவைகூடத் தரையை விட்டு எழும்பவில்லை. அதைத்தான் சொன்னேன். "இடதுன்னு சொன்னது நீ," என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

அவன் பிடிலைப் பெட்டியில் வைத்தான். பூட்டவில்லை, அதைக் கவனித்தேன். "வண்டி ஏறிடு," என்றான்.

ஏறிவிட்டேன்.

பஸ் கிளம்பிவிட்டதா? நல்லவேளை. பத்து மணி. போய்விடலாம்.

அப்புறம் மெட்ராஸில் நான் இதைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. நேற்றுச் சாயங்காலம் பாக்கியம் போன் பண்ணினாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. இடது குதிகாலில் புண். உள்ளே சீழ் வைத்து மேலே ஏறிவிட்டது, முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றாராம் டாக்டரம்மா. "எப்படி வந்துச்சு தெரியுமா ஐயா? அன்னைக்குச் சிமெண்டுத் தரையில தட்டித் தட்டிக் குதிகால் தேஞ்சிருக்கு. இருக்கிற கால்ல உணர்ச்சி இல்ல, அது அடிபடுறது தெரியல. இல்லாத கால்ல உணர்ச்சி இருக்கு, அதைத் தூக்கிட்டிருந்திருக்கார்."

சக்கரை உள்ளவர்களுக்குச் செருப்பு கடித்தால்கூடப் புண் வரும். கொசு கடித்தால்கூட வரும். அன்றைக்குத்தான் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? டாக்டரம்மா அங்கே இருந்தாரா? இருபத்துமூன்று பேரில் டாக்டர் யாரும் இல்லை.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? சரி. சரி.

பாக்கியம் அதற்காகப் போன் பண்ணவில்லை. அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். "அந்தக் குதிரைக்காரன்ட்ட சொல்லு. மெட்டு இன்னும் முடியல. பாதியிலயே நிக்குது. தூக்குறதுக்கு இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. அது இருக்கும்போதே வரச் சொல்லு. பதினொண்ணுக்கு முன்னாடி."

பிடிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறாளாம். குருசம்மாவும் வருவேன் என்று அடம் பிடித்து வந்திருக்கிறாளாம். வராந்தாவின் கடைசியில் ஒரு ஓரம், வேறு நோயாளி இல்லை, கால்மணி நேரம் வாசித்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை கண்ணால் பார்த்துக்கொண்டாவது இடது காலை ஞாபகமாகத் தூக்குவானாம். தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிக்கவேண்டும். முடிந்ததும் உள்ளே கொண்டுபோவார்கள்.

இரவு முழுக்க பஸ்ஸில் நான் தூங்கவில்லை தம்பி. ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன், அந்த மெட்டு மாதிரியே. நல்லா வந்தால் மறுநாளும் வா என்றான் இல்லையா? இனி மறுநாள் எங்கே இருக்கிறது? அவன் காலைத் தூக்குவான், நான் பார்ப்பேன், மெட்டு முடியும். அதற்கப்புறம் தூக்க ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிட அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. முடிக்கத்தான் கூப்பிடுகிறான். முடித்துவிட்டுப் போகத்தான் கூப்பிடுகிறான்.

பிடில்காரன் தூக்குவதை பாஞ்சோக்காரன் பார்த்தால்தான் முடிவு. அதுதான் வழக்கம். பார்க்கவில்லை என்றால்?

கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தப்பில்லையே? நான் கண்ணை மூடிக்கொண்டால் அவன் வில்லை நிறுத்த முடியாது, அவன் சுபாவம் எனக்குத் தெரியும். வில் நிற்காமல் அவனைத் தள்ளிக்கொண்டு போக எந்த நர்ஸாலும் முடியாது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். சீழ் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று நீங்களும் சொல்லாதீர்கள், பாக்கியம் சொல்லிவிட்டாள், எனக்குக் காது கேட்கும்.

அதோ ஆஸ்பத்திரி காம்பவுண்டு தெரிகிறது. அடுத்த நிறுத்தம்தானே? மணி பத்து இருபத்தைந்து. நேரம் இருக்கிறது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள், இதை இடிக்காமல் எடுக்கவேண்டும்.

கணக்கு ஒன்று பாக்கி வைத்துவிட்டேன். இருபத்துமூன்று பேர் என்று சொன்னேன் இல்லையா? பாக்கியம் கையை வைத்து நிறுத்தினபோது போனவர்கள் போக, கூடத்தில் மிச்சம் நாலு பேர். அவன், நான், பாக்கியம், கை தட்டிக்கொண்டே இருந்த குருசம்மா. இப்போது அந்த வராந்தாவிலும் அதே நாலு பேர்தான் இருக்கப்போகிறோம். ஆள் நாலு. கால் ஏழு.

நான் கண்ணைத் திறக்காதவரைக்கும் ஏழு.